தூக்கத்தில் முங்கியவர்

ரோச் அத்தானுக்குத் தாடை சரியாக வளரவில்லை என்பது அவருடைய நாற்பதாவது வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. என் அக்கா பிளாரன்ஸ் அவரோடு பதினான்கு வருடம் குடும்பம் நடத்தியிருந்தாள், அவளுக்கும் தெரியாது. கலியாணத்தன்றே அவருக்கு நெஞ்சைத் தொடும் தாடி இருந்தது. வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை என்று சொன்னார்கள். அந்த நேர்ச்சை எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம் அவர் இறந்தார். நேற்று முப்பதாம் நாள் பூசை. சாமியார் பிரசங்கத்தில் அவரைக் கடின உழைப்பாளி என்றார், கோவிலுக்குத் தவறாமல் வந்தவர் என்றார். இரண்டும் உண்மை. பல வருடங்களாக அவர் கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்ததும், பிரசங்கம் தொடங்கிய இரண்டாம் நிமிடம் குறட்டை விட்டதும், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் புதிதாக வந்த சாமியாருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல இருப்பதே அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். கார்த்திகை கழிந்து கடல் தெளிந்தால் சீசன் தொடங்கும். சித்திரை முடிவில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் முடியும். எட்டுப் பாகம், பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி ஆழத்தில் மணலில் புதைந்து கிடக்கும் சங்கைத் தடவி எடுத்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காளையோ தங்கையையோ விதவையாக்க எவனுக்கும் மனசு வராது என்பதால் வந்த வழக்கம். கயிறு பிடிக்கிறவன் கடிகாரம் பார்ப்பதில்லை. கயிறு உள்ளே ஓடத் தொடங்கியதும் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்குவான். ஆறாவது மந்திரம் முடிவதற்குள் கீழிருந்து கயிற்றில் ஒரு சுண்டு வரும். உடனே இழுக்க வேண்டும். ஏழாவது தொடங்கியும் சுண்டு வராவிட்டால், வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் இழுத்துவிட வேண்டும்.

அந்த முறைப்படி அத்தானின் கயிறு என் கையில் இருந்திருக்க வேண்டும். இரண்டு சீசன் பிடித்தேன். பிறகு கல்லூரிக்குப் போனேன், பி.ஏ. முடித்து உப்புக் கம்பெனியில் எழுத்தரானேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. “நம்ம வீட்ல ஒருத்தனாவது காய்ஞ்ச துணி உடுத்தட்டும்” என்று அத்தானே சொன்னார். அவருடைய தங்கை ஆக்னஸ் மதினியின் புருஷன் சிலுவை அண்ணனும் அதே படகில் முங்குகிறவர். சிலுவை அண்ணனின் கயிறு முறைப்படி அத்தானுக்கு உரியது. அத்தானின் கயிற்றுக்கு ஆள் இல்லாமல் போனதால் இருவரும் மாறி மாறி முங்குவது, மேலே இருப்பவர் மற்றவருக்குக் கயிறு பிடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் மேலே வந்து இளைப்பாறும் நேரத்தில் அத்தான் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். நான் உப்புக் கம்பெனியில் மின்விசிறிக்குக் கீழே இருந்தேன்.

தூக்கம் அவரை எப்போது பிடித்தது என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்தே அவர் தூங்குகிறவர்தான். சாப்பிடும்போது கையில் பிசைந்த சோறோடு தூங்குவார். கலியாணப் பந்தியில் பாயசம் வரும்முன் தூங்குவார். ஆனால் காலையில் எழுந்திருக்கும்போது இரவெல்லாம் உப்பளத்தில் சுமை தூக்கியவரைப் போல முகம் வீங்கியிருக்கும். தலைவலி என்று நெற்றியில் துணி கட்டிக்கொள்வார். இரவில் அவர் விடும் குறட்டைக்கு நாலு வீடு தள்ளி உள்ளவர்கள்கூட, “ரோச்சண்ணன் விசைப்படகைக் கிளப்பிட்டாரு” என்பார்கள்.

குறட்டை திடீரென்று நிற்கும். மூச்சும் நிற்கும். வீடு முழுக்கச் சத்தமில்லாமல் போகும். பிறகு ஒரு பெரிய செருமலோடு, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்குகிறவரைப் போல, மூச்சை இழுப்பார். அக்காவுக்கு அதில் பயம் இல்லை. பெருமைதான் இருந்தது.

“இவிய தூக்கத்துலயும் முங்குதாவ” என்று குசினியில் சமைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வாள். “நேத்து அஞ்சு மந்திரம் உள்ள இருந்தாவ. எவனால முடியும்?”

கயிறு பிடிக்கிறவனைப் போலவே அவளும் பாயில் படுத்தபடி மந்திரம் சொல்லி எண்ணிக்கொண்டிருப்பாள். மூச்சு வந்ததும் தூங்கிப்போவாள். நானும் அதை நம்பினேன். பி.ஏ. படித்த பிறகும் நம்பினேன்.

எழுபத்தேழாம் வருடம் மாசி மாதத்தில் அது நடந்தது. ஜேசுபாதம் சம்மாட்டிக்குச் சொந்தமான படகு, காலை பத்து மணி. சிலுவை அண்ணன் கீழே இருந்தார். மேலே அத்தான் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது மந்திரம்வரை உதடு அசைந்ததைப் பக்கத்தில் இருந்தவன் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு அத்தான் தூங்கிவிட்டார். சுற்று நழுவிக் கயிறு தண்ணீருக்குள் போய்விட்டது.

கீழே சிலுவை அண்ணன் சுண்டினார். பதில் இல்லை. இன்னொரு தடவை பலமாக இழுத்தார். இழுத்த கயிறு மொத்தமும் அவர் தலைமேல் வந்து விழுந்தது. பின்னால் அவர் என்னிடம் சொன்னது இது மட்டும்தான்: “தம்பி, மேல படகே இல்லன்னு நெனச்சேன்.”

பையை அறுத்துவிட்டு அவராகவே நீந்தி மேலே வந்தார். மூக்கிலும் காதிலும் இரத்தம். படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபோது அத்தானின் குறட்டைதான் அவருக்கு முதலில் கேட்டது. படகில் ஒருவன் சிரித்தானாம். இரத்தத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அன்று மாலை ஜேசுபாதம் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். “ரோச்சு, குடிச்சிட்டு வந்தேன்னு சொல்லு. ரெண்டு வார்த்த வஞ்சிட்டு விட்டுருதேன். எல்லாப் பயலும் குடிக்கத்தான் செய்யுதான்” என்றார்.

“நான் குடிக்க மாட்டேன் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுமே. அதனாலதான் கேக்கேன். குடிச்சவன் நாளைக்குத் தெளிஞ்சிருவான். பட்டப்பகல்ல கயிறோட தூங்குறவன என்ன செய்ய?”

சம்மாட்டி காப்பி குடித்துவிட்டு, இனிமேல் படகுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பின்னாலேயே ஆக்னஸ் மதினி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, “எங்கண்ணன் கையில இருக்குன்னுதானே நான் நிம்மதியா சோறு பொங்குனேன்” என்றாள். “இனிமே எனக்கு அண்ணன் கிடையாது.” அத்தான் எழுந்து வருவதற்குள் போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. ஒன்பது மாதம் அவள் இந்த வாசலை மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தான் பேசிய பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான். முங்குவதைப் பற்றி அல்ல. “திரும்ப ஒரு நாளாவது சிலுவை மாப்பிள்ள கயித்தப் பிடிக்கணும் மனுவேலு” என்பார் என்னிடம். சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவார்.

நானும் அக்காவும் அவரைப் பஸ்ஸில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். வரிசை நீளமாக இருந்தது. அத்தான் பெஞ்சில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். குறட்டை தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு இளைஞர் கையில் ஃபைலோடு போனவர் நின்றார். குறட்டை நின்றதும் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. “தூங்குற மனுசன என்ன வேடிக்க பாக்குதிய?”

“அம்மா, இவங்களுக்கு மூச்சு நின்னு போச்சு.”

“நிக்கத்தான் செய்யும். இவிய முங்குதாவ. நாலாவது மந்திரம் முடிய வந்துருவாவ.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாலாவது மந்திரத்தில் அத்தான் செருமிக்கொண்டு மூச்சை இழுத்தார். “நாப்பத்தாறு செகண்டு” என்று அந்த இளைஞர் ஃபைல் அட்டையின்மேல் எழுதிக்கொண்டார்.

அவர் பெயர் சுந்தர்சிங். நாசரேத்துக்காரர். காது மூக்கு தொண்டைப் பிரிவில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். தூக்கத்தில் மூச்சுப்பாதை எதனால் அடைபடுகிறது என்பது அவருடைய ஆய்வு. வெளிநாட்டில் இதற்கு இப்போதுதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார். அவரிடம் அதற்குமுன் ஏழு பேர் இருந்தார்கள்: ஒரு தேங்காய் வியாபாரி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், இப்படி. அத்தான் எட்டாவது. ஒரு தாளில் காரணங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். உடல் பருமன், வளர்ந்த உள்நாக்குச் சதை, வளைந்த மூக்கெலும்பு, பெரிய நாக்கு. அத்தானுக்குக் கழுத்து தடிமன்தான். ஆனால் பெருத்த உடம்பு இல்லை. அவர் சங்கு குளிக்கிறவர் என்று தெரிந்ததும் சுந்தர்சிங்கின் முகம் மாறிவிட்டது. சின்ன வயதிலிருந்து மூச்சை அடக்கிப் பழகிய உடம்பு தூக்கத்திலும் அடக்குகிறது என்றால், அது உலகத்தில் யாரும் சொல்லாத காரணம். அக்கா சொன்னதைத்தான் அவரும் நம்பினார். அவர் அதை இங்கிலீஷில் நம்பினார், அவ்வளவுதான்.

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் வாரத்தில் மூன்று நாள் கடைசி பஸ்ஸில் தூத்துக்குடிக்கு வந்தார். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் பதினான்கு பேர் தூங்குவதை உட்கார்ந்து பார்த்தார். மணலில் படகோரம் படுக்கிறவர்களைப் பார்ப்பது சுலபம். வீட்டுக்குள் படுக்கிறவர்களுக்கு நான் கூடப் போக வேண்டியிருந்தது.

“டாக்டரே, தூங்குறதப் பாக்கவா கவர்மெண்டு உம்ம படிக்க வைக்கு?” என்று கேட்டான் ஒருவன்.

“எங்க வீட்டுக்காரி குறட்டையையும் எழுதிக்கிடுங்க. அவ முங்குனதே கிடையாது” என்றான் இன்னொருவன்.

சுந்தர்சிங் எல்லாவற்றுக்கும் சிரித்தார். அதிகாலையில் எங்கள் வீட்டில் பாலில்லாத கட்டங்காப்பி குடித்துவிட்டு முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போவார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சரியாகத் தூங்கியவர் என்று யாரும் இல்லை.

அவர் வராத நாட்களில் அக்கா கணக்கு வைத்தாள். எத்தனை மந்திரம் என்று காலையில் சொல்வாள்; நான் நோட்டில் எழுதுவேன். சுந்தர்சிங் அவளை மந்திரம் சொல்லச் சொல்லிக் கடிகாரத்தில் பார்த்து, ஒன்றுக்குப் பதினொன்றரை செகண்டு என்று கணக்கு வைத்திருந்தார். ஒரு நாள் இரவில் அவளுக்குத் தெரியாமல் மறுபடியும் அளந்தார். மூச்சு நின்ற நேரத்தில் அவள் சொன்ன மந்திரம் ஒவ்வொன்றும் எட்டு செகண்டில் முடிந்தது. அவர் வந்து உட்கார ஆரம்பித்த பிறகு அவளுக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் வேகமாகச் சொன்னாள். மூன்று வாரத்துக் குறிப்பை அவர் கோடு போட்டு அடித்தார். கோபப்படவில்லை. “இனி நீங்களே கடிகாரம் பாருங்க மனுவேல்” என்று தன் கைக்கடிகாரத்தை என்னிடம் கழற்றிக் கொடுத்தார்.

பதினான்கு பேரில் ஒருவருக்குக்கூட மூச்சு நிற்கவில்லை. இரண்டு பேர் குறட்டை விட்டார்கள். அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில் ஒரு இரவு, அத்தானின் மூக்கு நுனியில் மெல்லிய பஞ்சு இழை ஒன்றை ஒட்டினார் சுந்தர்சிங். என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். மூச்சு நின்றது. பஞ்சு அசையவில்லை. ஆனால் அத்தானின் நெஞ்சும் வயிறும் தூக்கித் தூக்கிப் போட்டன. உள்ளே ஏதோ கதவைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. பதினான்கு வருடமாக இருட்டில் எண்ணிக்கொண்டிருந்தவள் அக்கா. வெளிச்சத்தில் அதை அன்றுதான் பார்த்தாள். ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள்.

காலையில் அத்தானிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“நெஞ்சு அசைஞ்சுதா?”

“நல்லா அசைஞ்சுது” என்றார் சுந்தர்சிங்.

“அப்போ அது முங்கு இல்ல டாக்டரே. முங்கும்போது நெஞ்சு கல்லு மாதிரி கெடக்கும். கீழ போயி நெஞ்ச அசைச்சான்னா அவன் செத்தான். இது எவனோ கழுத்தப் பிடிச்சு அமுக்குத கணக்கால்லா இருக்கு.”

சுந்தர்சிங் தாளை எடுத்து, கடைசியாக எழுதியிருந்த ‘மூச்சடக்கும் பழக்கம்’ என்ற காரணத்தைக் கோடு போட்டு அடித்தார். “ரெண்டு மாசம் போச்சு” என்றார்.

“சங்கு இல்லாத எடத்துல முங்கிட்டீரு. விடும்” என்றார் அத்தான்.

அப்படியென்றால் காரணம் தொண்டையில்தான் இருக்க வேண்டும். முகத்தை அளக்கத் தாடியை எடுக்க வேண்டும் என்றார் சுந்தர்சிங். நேர்ச்சைத் தாடி ஆயிற்றே, சாமியாரைக் கேட்க வேண்டுமே என்று அக்கா இழுத்தாள்.

“நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார் அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு. “எடுங்க.”

நானே கத்தரியும் சவரக்கத்தியும் கொண்டு எடுத்தேன். கீழ் உதட்டுக்குக் கீழே முகம் நேராகக் கழுத்துக்குள் சரிந்தது. தாடை உள்ளே போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் ‘சுறா வாயன்’ என்று கூப்பிட்டார்களாம். மீசை அரும்பிய நாளிலிருந்து அவர் தாடியை எடுத்ததே இல்லை. பெண் பார்க்க வந்தபோது அது நேர்ச்சையாகிவிட்டது.

அக்கா கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தாள். “இதுக்கா பதினாலு வருசம்?” என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசியதாக எனக்கு நினைவில்லை.

சுந்தர்சிங் அளவு நாடாவை மடித்து வைத்துவிட்டு விளக்கினார். தாடை சின்னதாக இருப்பதால் நாக்குக்கு இடம் இல்லை. விழித்திருக்கும்போது தசைகள் நாக்கைப் பிடித்துக்கொள்கின்றன. தூங்கியதும் நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. உடம்பு மூச்சுக்காக விழிக்கிறது. அது விழித்தது அவருக்கே தெரிவதில்லை. ஒரு இரவில் இருநூறு தடவை, முந்நூறு தடவை. “நீங்க வருசக்கணக்கா தூங்கவே இல்ல. அதான் பகல்ல தூக்கம் வந்து அடிக்குது.” பிறகு, “உங்கப்பாவுக்கும் இந்த மாதிரித் தாடைதானா?” என்று கேட்டார்.

“அவருக்கும் தாடி உண்டு” என்றார் அத்தான். “நாப்பத்திரண்டுல போயிட்டாரு. தூக்கத்துலயே. புண்ணியஞ் செஞ்ச சாவுன்னு ஊரே சொல்லிச்சு.”

வைத்தியம் ஒன்றுதான் இருந்தது. அடைபடும் இடத்துக்குக் கீழே கழுத்தில் துளை போட்டு ஒரு வெள்ளிக் குழாயை வைப்பது. மூச்சு அந்த வழியாகப் போய் வரும். பேராசிரியர் செய்வார். தான் ஒன்றைக்கூடச் செய்ததில்லை, இந்த நோய்க்காகச் செய்து பார்த்ததும் இல்லை என்று சுந்தர்சிங் மறைக்காமல் சொன்னார். துளை போட்ட பிறகு கடலில் இறங்கக் கூடாது. ஒரு கை தண்ணீர் உள்ளே போனால் போதும்.

“அப்போ முங்கவே முடியாதா?” என்று அக்கா கேட்டாள்.

“குளிக்கும்போதுகூடக் கழுத்துக்குமேல் தண்ணி ஊத்தக் கூடாதும்மா.”

அக்கா முடியாது என்றாள். கழுத்தில் ஓட்டையோடு மனுஷன் எப்படி இருப்பான், பூசையில் நன்மை அப்பம் வாங்கினால் அது எங்கே போகும் என்றெல்லாம் கேட்டாள். நானும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அத்தான் சுந்தர்சிங்கைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

“கயிறு பிடிக்கலாமா?”

“அது எனக்குத் தெரியல. பகல்ல தூங்க மாட்டீங்க. அத மட்டும்தான் சொல்ல முடியும்.”

“அது போதும்.”

ஆனி மாதத்தில் துளை போட்டார்கள். மூன்றாம் நாள் இரவு நானும் அக்காவும் வார்டில் இருந்தோம். விளக்கணைத்ததும் குறட்டைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. குழாயில் மெல்லிய காற்று மட்டும் போய் வந்தது. அக்காவால் தூங்க முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து குழாயின் முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அத்தான் ஒன்பது மணி நேரம் புரண்டுகூடப் படுக்கவில்லை.

காலையில் எழுந்து வெகு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி விரலால் குழாயை மூடிக்கொண்டு பேசினார்.

“ஏளா, இதுதான் தூக்கமா? எல்லாரும் தெனமும் இப்படியா தூங்குதிய?”

வீட்டுக்கு வந்த பிறகு வேலை கூடியது. உள்குழாயைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, சளியைக் கோழி இறகால் சுத்தம் செய்து திரும்பப் போட வேண்டும். நாளுக்கு மூன்று தடவை. பகலில் அடைத்துக்கொள்ள ஒரு சின்ன அடைப்பான் கொடுத்திருந்தார்கள். இருமினால் அது தெறித்துப் போய்க் குசினி மூலையில் விழும். கடைசியில் பேச வேண்டுமானால் விரலால் அடைத்துக்கொள்வது என்று ஆயிற்று. சுந்தர்சிங் இரண்டு தடவை வந்தார். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அத்தானின் பக்கவாட்டுப் படம் அதில் இருந்தது, கண்ணில் கறுப்புப் பட்டையோடு. பிறகு அவர் வேலைக்காக வடக்கே எங்கேயோ போய்விட்டார். அவருடைய கடிகாரம் என்னிடமே தங்கிவிட்டது.

அத்தான் படகு வரும் நேரமெல்லாம் கரையில் போய் நிற்பார். தூக்கம் இல்லாத கண்கள். அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. குழாய் போட்டதால் தூங்கமாட்டார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிலுவை அண்ணன் அடுத்த சீசனுக்குக் கூலிக்கு ஒரு ஆளைக் கயிற்றுக்கு வைக்கப் போவதாகச் சொன்னார்கள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு ஆக்னஸ் மதினி வந்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. அத்தானைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, “மதினி, உங்க வீட்டுக்காரரு எப்ப படுப்பாரு?” என்று கேட்டாள்.

“இப்பதான் சாப்பிட்டாவ. ஏன்?”

“படுக்கட்டும். நான் இங்கன இருந்துக்கிடுதேன்.”

அத்தான் பாயை விரித்துப் படுத்தார். மதினி தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். கழுத்தில் கட்டியிருந்த துணியை விலக்கி, மூச்சு வந்துபோகும் இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அண்ணனை அப்படி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மந்திரம் சொல்லத் தொடங்கினாள். மூச்சு நின்றால் அந்த இடத்திலிருந்து மந்திரங்களை எண்ண வேண்டும். நிற்கவில்லை. மணிகள் முழுவதும் ஓடி முடிந்து, மறுபடியும் ஓடின. நான் இடையில் தூங்கிப்போனேன். விழித்தபோது மூன்று மணி. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் அக்கா காப்பி கொடுத்தாள். மதினி வாங்கிக் குடித்தாள். “ஒரு தடவகூட நிக்கல” என்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த அத்தானிடம் திரும்பினாள். “வார திங்கக்கிழம மொத நாளு. கயித்துக்கு நேரத்தோட போயிரு. அவிய காத்துக் கெடக்க மாட்டாவ.”

அத்தான் பதில் சொல்ல விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். அவள் படியிறங்கிவிட்டாள்.

முதல் நாள் நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் படகில் போனேன். ஜேசுபாதம் சம்மாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவரு தூங்குனா நீரு முழிச்சிருக்கவா?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“சரி, ரெண்டு பேரும் தூங்கிராதீங்க.”

அத்தான் உப்புத் தண்ணீர் தெறிக்காமல் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். சிலுவை அண்ணன் ஆழத்துக்கு இழுத்துப்போகும் கல்லில் காலை வைத்து இறங்கினார். கயிறு ஓடியது. கயிற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் அத்தானால் பேச முடியாது. உதடுகள் மட்டும் அசைந்தன. சத்தம் இல்லை. நான் சுந்தர்சிங்கின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மந்திரத்துக்குப் பதினொன்றரை செகண்டு, அக்கா நிதானமாகச் சொன்ன அதே கணக்கு. அவர் வேகமாகச் சொல்லவில்லை.

ஆறாவது மந்திரத்தில் கயிறு சுண்டியது. இழுத்தார். சிலுவை அண்ணன் தலை தூக்கி, படகைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே, “என்ன மச்சான், முழிச்சிருக்கீரா?” என்றார்.

படகில் எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார் என்று நினைக்கிறேன். அவர் இன்னும் கயிற்றை விடவில்லை. துணிக்குப் பின்னாலிருந்து காற்று மட்டும் வந்தது.

அப்படி இரண்டு சீசன் பிடித்தார். ஆக்னஸ் மதினி வீட்டுக்கு வரப்போக இருந்தாள். ஆனால் அந்த இரண்டு சீசனும் தினமும் படகு வரும்வரை கரையில் காத்து நின்றாள். இந்த வருடம் ஐப்பசி மழையில் அத்தானுக்குச் சளி பிடித்தது. குழாய் வழியாக நேரே நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். நாலு நாள். நாற்பத்திரண்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடைசி இரவு அவர் தூங்கவே இல்லை. சிலுவை அண்ணன் ஒரு பக்கமும் மதினி ஒரு பக்கமும் இருந்தார்கள். அக்கா தலைமாட்டில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். விரலைத் தூக்கத் தெம்பில்லாததால் அவர் எதுவும் பேசவில்லை. விடியும்போது கண் திறந்தபடியே இறந்தார்.

நேற்றுப் பூசை முடிந்து திரும்பி வரும்போது மதினி என் பக்கத்தில் நடந்து வந்தாள். “எங்க வீட்டுக்காரவிய இந்த வருசம் முங்கப் போகல தம்பி” என்றாள். “நான் வேண்டாம்னு சொல்லல. அவியளேதான் சொல்லிட்டாவ. கயித்த இன்னொருத்தன் கையில குடுக்க மனசு வரலையாம்.”

கடல் இப்போது தெளிந்திருக்கிறது. வரும் வாரம் சீசன் தொடங்குகிறது. அக்கா இன்னும் இரவில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து உட்காருகிறாள்.